யாரும் விரட்டாத ஓட்டம்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை. ராயகிரிக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கும் மலையடிவாரத்துக்கும் இடைப்பட்ட வண்டிப்பாதையில் நாங்கள் மூவர் ஓடிக்கொண்டிருந்தோம். மேற்கே மலைமுகட்டில் மேகம் இறங்கியிருந்தது. சாரல் இங்கு வரை எட்டவில்லை, காற்று மட்டும் ஈரமாக வந்தது. ஆட்டுக்கிடையின் ஓரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"எய்யா, யாரும் வெரட்டுதாவளா?"

இல்லை என்றோம்.

"பொறவு எதுக்கு ஓடுதிய?"

உடல்நலத்துக்காக என்று ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தோம். எங்கள் விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லப்போனால் எங்களுக்கும் அது நிறைவளிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அன்று நாங்கள் ஓடியது வெறும் பொழுதுபோக்குக்காக இல்லை. எங்கள் இலக்கிய வட்டத்தின் இளம் நண்பர் ஒருவர் பெங்களூரில் பணிபுரிகிறார். 'டிரெயில் ரன்னிங்' எனப்படும் மலைப்பாதை ஓட்டத்தில் தீராத மோகம் கொண்டவர். ஐரோப்பாவில் காட்டுமலைகளின் மேல் இடிந்து நிற்கும் கோட்டைகளினூடே ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்களே, நம்மிடம் இல்லாத மலையா, நம்மிடம் இல்லாத கோட்டையா என்பது அவர் கேள்வி. ராயகிரியில் தொடங்கி, மேற்கே காட்டுக்குள் ஏறி, மலைமேல் பல்லாண்டுகளாக உடைந்து கிடக்கும் செண்பகவல்லித் தடுப்பணையைத் தொட்டுத் திரும்பி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் கோட்டை மேடுகளில் முடியும் ஓர் ஆண்டு ஓட்டத்தை அவர் வரைந்து கொண்டுவந்தார். முதலில் நாங்கள் அனைவரும் மகிழ்ந்து தலையாட்டினோம். பல மாத விவாதத்துக்குப் பிறகு இன்று எங்கள் கருத்து மாறியிருக்கிறது. ஓட்டம் வேண்டும், காட்டுக்குள் வேண்டாம். கோட்டைகள் இருந்த அடிவாரச் சமவெளியில், எல்லாத் தெருக்கள் வழியாகவும் அது போக வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

*

மலைப்பாதை ஓட்டம் இன்று உலகெங்கும் பெரிய விளையாட்டாக வளர்ந்துவிட்டது. 1974-இல் கலிபோர்னியாவில் நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் தம் கால்களாலேயே ஓடி, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டம் அதிலிருந்து பிறந்தது. மோன் பிளாங்க் மலையைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாக ஓடும் பந்தயம் 2003-இல் தொடங்கியது. நம் பக்கத்தில் ஆரோவில்லின் செம்மண் காட்டுப்பாதைகளில் நடக்கும் மாரத்தானைப் பலர் அறிவர். மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது என்பதை இங்கு குறித்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

ஆனால் மலைப்பாதையில் ஓடுவது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டியதில்லை. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த மண். திருவிதாங்கூருக்கு 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் தபால்துறை இருந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபால்துறையோடு இணைந்தது. சலங்கை கட்டிய கோலைக் கையில் ஏந்தி, தபால் பையைத் தோளில் சுமந்து அஞ்சலோட்டக்காரர்கள் ஓடினார்கள். சலங்கை ஒலி கேட்டால் வழிவிட வேண்டும். அவர்கள் ஓடியது பிழைப்புக்காக.

இன்றும் இப்பகுதியில் விடியலில் ஓடுகிறவர்கள் உண்டு. சிவகிரியிலிருந்து தென்காசி வரை நெடுஞ்சாலையோரம் நான்கரை மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள், கேரளம் செல்லும் லாரிகளின் விளக்கு வெளிச்சத்தில், பலர் தேய்ந்த காலணியோடு, சிலர் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் கடந்தால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் ஒரு படியைத் தாண்டலாம். ராயகிரியின் உண்மையான ஓட்டக்காரர்கள் இவர்கள். பெரியவரின் கேள்வியை இவர்களிடம் கேட்டால் தயங்காமல் விடை சொல்வார்கள். இவர்களை விரட்டுவது வறுமை.

*

இனிக் கோட்டைகளுக்கு வருவோம். ஐரோப்பியக் கோட்டைகளின் படங்களைப் பார்த்துவிட்டு இங்கு வருகிறவர் ஏமாந்து போவார். பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. களிமண்ணைக் குழைத்து வெயிலில் உலர்த்தி எழுப்பிய கனத்த சுவர்கள், மூலைகளில் கொத்தளங்கள், வெளியே அடர்ந்த முள்வேலி. பார்வைக்கு எளிமையான இந்தச் சுவர்கள் பீரங்கிக் குண்டுகளை வாங்கி உள்ளடக்கிக்கொண்டன. கருங்கல் சிதறும், மண் சிதறாது. உடைந்த இடத்தை இரவோடிரவாக அடைத்துவிடவும் முடியும்.

1755-இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் வந்து நின்றார். இருபதாயிரம் ரூபாய் கேட்டார். பூலித்தேவர் கொடுக்கவில்லை. சுவரை உடைக்கத் தக்க பீரங்கி ஹெரானிடம் இல்லை, திரும்பிப் போனார். ஆறாண்டுகள் கழித்து, 1761-இல், யூசுப்கான் வந்தபோதுதான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் வீழ்ந்தன. அதன்பின் பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்கு வழக்காறுகளே உள்ளன. சங்கரன்கோவில் கோயிலுக்குள் நுழைந்தவர் சோதியில் கலந்தார் என்று மக்கள் சொல்வார்கள். விரட்டப்பட்ட ஒருவரின் கதையை மக்கள் தோல்வியாக முடிக்க விரும்பவில்லை என்றே நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம். வென்ற யூசுப்கானோ மூன்றே ஆண்டுகளில், 1764-இல், தூக்கிலிடப்பட்டார்.

நூற்றாண்டின் முடிவில் பாஞ்சாலங்குறிச்சிப் போர்களை அடுத்து, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனி ஆணையிட்டது. மண்சுவர் மண்ணோடு கலந்தது. எஞ்சிய மேடுகளை மழை கரைத்தது. ஊர்மக்கள் வண்டியில் அள்ளி வயலுக்கு அடித்தார்கள். பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் அரசு எழுப்பிய நினைவு மாளிகை இருக்கிறது. பழைய கோட்டை எங்கே என்று கேட்டால் ஒரு மேட்டையும் சில முட்செடிகளையும் கைகாட்டுவார்கள்.

இப்படிப்பட்ட இடிபாட்டைக் காரில் போய்ப் பார்க்க முடியாது. பார்ப்பதற்கு அங்கு ஒன்றும் இல்லை. ஆனால் காலால் உணர முடியும். சமவெளியில் ஓடிவரும்போது தரை திடீரென்று இரண்டாள் உயரம் எழும்பி, மறுபடி இறங்குகிறது. மூச்சு வாங்குகிறது. இங்கேதான் சுவர் இருந்தது என்று அப்போது தெரிகிறது. கரிசலும் செம்மண்ணும் மாறும் இடம், குளத்தின் மடை, பழைய வண்டித்தடம் எல்லாம் பாதத்துக்குத் தெரிகின்றன. நண்பரின் திட்டத்தில் எங்களை மயக்கியது இதுவே. இந்த ஆசை இன்றும் எங்களுக்கு மாறவில்லை.

*

மாறியது காட்டைப் பற்றிய எங்கள் கருத்து.

இந்த மலையின் தமிழகப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முகட்டுக்கு அப்பால் கேரளத்தின் காடுகள் பெரியாறு வரை விரிகின்றன. யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. சிவகிரி, வாசுதேவநல்லூர் அடிவாரத் தோப்புகளில் யானை புகுந்து தென்னையையும் மாவையும் சாய்த்துப் போவது இங்குள்ள விவசாயிகளின் அன்றாடத் துயரம். தோப்புக்கு இறங்கிவரும் யானையை மேலிருந்து நூறு பேர் ஓடி இறங்கிக் கலைத்தால், அது எந்தப் பக்கம் போகும் என்று எங்கள் வட்டத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை.

நடப்பதற்கும் ஓடுவதற்கும் காட்டில் பெரிய வேறுபாடு உண்டு. நடப்பவன் கேட்டுக்கொண்டே நடக்கிறான். ஓடுகிறவனின் காதில் அவன் மூச்சு மட்டுமே கேட்கிறது. வளைவில் திரும்பும்போது எதிரே கரடி நின்றால் இருவருக்கும் அதிர்ச்சி. கரடி அதிர்ந்தால் தாக்கும். 2022 நவம்பரில் இதே மாவட்டத்தில், கடையம் அருகே கரடி தாக்கியதில் மூன்று பேர் படுகாயமடைந்ததை நாம் மறந்துவிடலாகாது.

குரங்கணியையும் மறக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடாகாது. அந்த நிகழ்வுக்குப் பிறகே மலையேற்றத்துக்கு அரசு முறையான விதிகளை வகுத்தது. சீனத்தின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நூறு கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று அடித்த குளிர்மழையில் இருபத்தொரு ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். நல்ல பயிற்சி பெற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். குற்றாலத்தில் 2024 மே 17 அன்று பழைய அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவனைக் கொண்டுபோனது. மேலே மலையில் பெய்வது கீழே இருப்பவனுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் காடு யாருக்குமே கூடாதா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்தோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. சிறு குழுவாக, உள்ளூர் வழிகாட்டியின் பின்னால், அமைதியாக நடந்து போவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் காட்டில் உரிமையோடு கால் வைப்பவர்கள் வேறு உண்டு. அடிவாரத்துப் பளியர்கள் தேனுக்கும் கிழங்குக்கும் போய்த் தடம் போட்ட பாதைகள் அவை. அவர்கள் உரிமையை எழுத்தில் ஏற்க நாட்டுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை ஆயிற்று. குற்றாலக் குறவஞ்சியின் குறத்தி மலைவளம் பாடும்போது அது அவளுடைய மலை. மூன்று நூற்றாண்டுகளாக அப்பாடலை நாம் சுவைக்கிறோம். மலையை அவளிடம் கேட்டு எடுத்துக்கொண்டதாக நினைவில்லை. அந்தப் பாதையில் மார்பில் எண் குத்திய பனியன்களோடு இறங்க எங்களுக்கு இப்போது மனம் வரவில்லை. மனிதன் நட்ட காட்டில் மனிதன் ஓடலாம். இந்தக் காட்டை நாம் நடவில்லை.

*

எனவே அடிவாரத்துக்கு வரைபடத்தைத் திருத்தினோம். சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர், அங்கிருந்து கிழக்கே நெற்கட்டும்செவல். குளத்தங்கரைகள், வண்டிப்பாதைகள், கோட்டை மேடுகள். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதோடு சரி. மிகவும் நிறைவாக இருந்தது.

ராயகிரியில் விடியற்காலையில் ஓடும் இளைஞர் ஒருவரிடம் அந்த வரைபடத்தைக் காட்டி, பாதை சரியா என்று கேட்டோம். அவர் கைப்பேசியில் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"எங்க தெரு வழியா வராதா, சார்?"

எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. வரைபடத்தை மறுபடி பார்த்தோம். எங்கள் கோடு தேர் ஓடும் தெரு வழியாகப் போயிற்று. கடைத்தெரு வழியாகப் போயிற்று. நினைவு மாளிகையின் வாசலுக்குப் போயிற்று. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பகுதியைச் சுற்றி வளைந்து விலகியிருந்தது. அப்படி வளைக்க வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் பேசி முடிவெடுக்கவில்லை. கை தானாக வளைத்திருந்தது. நாளெல்லாம் நவீன இலக்கியம் பேசுகிறவர்களின் கை.

இந்த வட்டாரத்தின் வரலாறு ஒருவருடைய கோட்டையோடு முடிவதில்லை. பூலித்தேவரின் படைத்தலைவராகப் போற்றப்படும் ஒண்டிவீரனுக்கு நெற்கட்டும்செவலை அடுத்த பச்சேரியில் நினைவிடம் இருக்கிறது. அருந்ததியர் மக்கள் அவரைத் தம் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். வெண்ணிக் காலாடி போரில் வயிறு கிழிந்த நிலையிலும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாள் வீசினார் என்பது வழக்காறு. தேவேந்திரகுல மக்கள் அவரைப் போற்றுகிறார்கள், அவர் பெயரைக் காலாடி மேடு சுமக்கிறது. ஒரே மண்சுவரின் உள்ளே நின்று போரிட்டவர்களாக நினைக்கப்படும் மூவரை இன்று மூன்று தெருக்கள் பங்கிட்டு வைத்திருக்கின்றன. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவுநாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாள். இவ்விரு நாள்களையொட்டி மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் என்று சொல்லத்தக்க அளவுக்குத் தடையுத்தரவு பிறப்பித்து வந்திருக்கிறது. எந்த வண்டி எந்த வழியாக வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று காவல்துறை வகுக்க வேண்டியிருக்கிறது. பீரங்கிக்கு அசையாத சுவர் கரைந்து போயிற்று. தெருவுக்கும் தெருவுக்கும் இடையில் உள்ள சுவர் கரையவில்லை.

ஆகவே எங்கள் முன்மொழிவு இதுதான். ஓட்டம் மூவரின் நினைவிடங்களையும் தொட வேண்டும். பாதையில் வரும் ஒவ்வோர் ஊரின் ஒவ்வொரு தெருவிலும் நுழைந்து வெளிவர வேண்டும். கொடி, வண்டி, ஒலிபெருக்கி, தலைவர் படம் எதுவும் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரைத் தவிர்த்து, அறுவடை முடிந்து குளத்தங்கரை காய்ந்திருக்கும் மாசியில் வைக்கலாம். வழிகாட்டிகளாக, வெளியூரிலிருந்து வருவோர் யாரையும் நியமிக்காமல், விடியலில் நெடுஞ்சாலையில் ஓடும் அந்த இளைஞர்களையே கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். பெண்களும் ஓட வேண்டும். இருட்டில் தனியே ஓட அஞ்சும் மகளிருக்கு அந்த ஒரு நாளாவது பாதை உரிமையாக வேண்டும்.

முதன்மையான விதி ஒன்று உண்டு. ஓடுகிறவர் தண்ணீர்ப் புட்டி கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருக்காரர் குடத்திலிருந்து மொண்டு கொடுக்கும் தண்ணீரையே குடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே செம்பு. தேநீர்க் கடைகளில் தனிக்குவளை வைத்த நாட்டில் இது எவ்வளவு பெரிய விதி என்று இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காட்டின் நடுவே நாற்பது கிலோமீட்டர் ஓடுவதைவிட இது கடினம் என்று எங்களுக்குத் தெரியும். மறுத்து ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். ஓடுகிறவர்களிலும் இருப்பார்கள், கொடுக்கிறவர்களிலும் இருப்பார்கள்.

ஒரு நாள் ஓட்டத்தால் என்ன மாறிவிடும், இதெல்லாம் எழுத்தாளர்களின் பகற்கனவு என்று எங்கள் வட்டத்திலேயே ஒருவர் சொன்னார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. மாலையில் எல்லோரும் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் எங்கள் கை வரைந்த கோட்டைத் திருத்துவது எங்கள் கடமை. அதற்குச் சமுதாயம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. திட்டம் நிறைவேறுமா, அனுமதி கிடைக்குமா என்பன அடுத்த கேள்விகள். சரியான வரைபடத்தையாவது முதலில் கையில் வைத்துக்கொள்வோம்.

பெங்களூர் நண்பர் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. செண்பகவல்லி மேல் அவருக்கு ஆசை தீரவில்லை. புதிய வரைபடத்தை மட்டும் அவரே வரைந்து அனுப்பியிருக்கிறார். அதில் கோடு அழகாக இல்லை. தெருத்தெருவாக நுழைந்து முறுக்கிக் கிடக்கிறது. தொலைவு ஏழு கிலோமீட்டர் கூடிவிட்டது என்று சலித்துக்கொண்டார்.

அந்த ஆட்டுக்கிடைப் பெரியவரை மறுபடி பார்த்தால் இம்முறை சொல்ல எங்களிடம் ஒரு விடை இருக்கிறது. இந்த மண்ணில் ஓடியவர்கள் பெரும்பாலும் விரட்டப்பட்டே ஓடினார்கள். படை விரட்டியது, தீ விரட்டியது, பசி விரட்டியது, பக்கத்துத் தெரு விரட்டியது. யாரும் விரட்டாமல், எந்தத் தெருவிலும் நின்று தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு ஓட முடியுமா என்று பார்க்கத்தான், ஐயா, ஓடுகிறோம்.